இலையும் முதுகும்

தரம் என்னும் சொல்லை மாந்தர் நாள்தோறும் வழங்குகின்றனர். துணிக்குத் தரம், கல்விக்குத் தரம், காய்கறிக்கும் தரம். ஆயினும், அத்தரத்தை வகுத்தவர் யார், எவருடைய நலன் கருதி வகுத்தார் என்று கேட்போர் சிலரே. கேமரன் மலையிலும் பயிராகும் லெட்டூஸ் என்னும் சாலட் கீரை, இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதொரு பொருள். அக்கீரையின் புதிய வகைகள் பலவும் உருவான களம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சலினாஸ் பள்ளத்தாக்கு.

1975ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஒன்று, அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர் எட்வர்ட் ரைடர் 'சலினாஸ்' என்னும் புதிய லெட்டூஸ் வகையை வெளியிட்டமை. சுண்ணாம்புச் சத்து உள்ளிலைகளின் விளிம்பை எட்டாதபோது அவ்விளிம்பு கருகிவிடும். அக்கருகலைத் தாங்கும் இயல்பு இப்புதிய வகைக்கு இருந்தது. அதன் இலைகள் இறுகிக் கோசுபோல் உருண்டன. பெட்டியில் நெடுந்தொலைவு சென்றும் சிதையவில்லை. பிரிட்டனில் அதுவே 'சலாடின்' என்ற பெயருடன் பரவியது.

மற்றொன்று, குட்டைக் களைக்கொத்தியின் தடை. லெட்டூஸ் விதை நெருக்கமாக முளைக்கும். இடைவெளி விட்டு நாற்றைக் களைய வேண்டும். அவ்வேலைக்கு ஓரடி, ஒன்றரை அடிப் பிடியுள்ள களைக்கொத்தியையே முதலாளிமார் பலர் தந்தனர். அதனைப் பிடித்தவர் இடுப்பை வளைத்து, முகம் மண்ணை நோக்க, பாத்தி நெடுகிலும் காலை முதல் மாலைவரை நகர வேண்டும். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யாதவன் என்பது மேற்பார்வையாளருக்குத் தொலைவிலிருந்தே தெரியும்; அதுவும் அக்கருவியின் ஒரு 'வசதி'. மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளர் பலருக்கு முதுகெலும்பு நிலையாகவே கெட்டது. மருத்துவர் சான்று கூறினர். நீண்ட பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்று பண்ணையார் வாதிட்டனர். 1975 சனவரியில் மாநில உச்சநீதிமன்றம் உழைப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது, தடையும் வந்தது. பயிர் அழியவில்லை.

இலை விளிம்பின் கருகலை நீக்கப் பல்லாண்டு ஆராய்ச்சி தேவைப்பட்டது. முதுகின் வலியை நீக்க இன்னும் சில சாண் மரக்கட்டை போதுமானதாயிருந்தது. இருந்தும், மரக்கட்டைக்காக நீதிமன்றம்வரை செல்ல நேர்ந்ததே, ஏன்?

இதற்காக ஆய்வாளரைக் குறை கூறுதல் முறையன்று. செடியை ஆராய்வதே அவர் கடமை. கருவியை வாங்கித் தந்தவர் அவரல்லர். மேலும், நோயெதிர்ப்பைப் பொறுத்தவரை அவருடைய தொண்டு உழைப்பாளனுக்கும் பயன்படுவதே. லெட்டூசைப் பெரிதும் வாட்டுவது அடிச்சாம்பல் நோய். அதனை எதிர்க்கும் மரபணுக்கள் பல, சாலையோரத்தில் முளைத்துக் கிடக்கும் முள் லெட்டூஸ் போன்ற காட்டினங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பால் கசியும் அக்கசப்புக் களையைச் சந்தையில் எவரும் தொடமாட்டார். நல்ல சாதிக்கு நோய் வந்தபோது தேடிச் செல்லப்பட்டது அதனிடமே. பயிர் தானே நோயைத் தாங்குமாயின் மருந்து தெளிப்பது குறையும். தெளிப்பவன் மூச்சில் ஏறும் நஞ்சும் குறையும். மலேசியத் தோட்டங்களில் மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்த தமிழ்ப் பெண்களை அறிந்தோர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால், இவ்வெற்றி நிலையானதன்று. ஒரே மரபணுவை நம்பிப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே வகையைப் பயிரிட்டால், அதனை வெல்லும் நோய்க்கிருமி விரைவில் தோன்றிவிடுகிறது. அவ்வாறு தோன்றியவற்றுள் ஐரோப்பாவில் எண்ணிட்டுப் பெயரிடப்பட்டவை மட்டும் முப்பதுக்கும் மேல். ஆய்வாளர் மீண்டும் காட்டினத்திடம் போகிறார்.

கெடாமல் இருக்கும் காலத்தை நீட்டுவதோ சற்றுச் சிக்கலானது. லெட்டூஸ் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். அறுத்தவுடன் காற்றழுத்தம் குறைந்த அறையில் வைத்தால், இலையின் ஈரத்தில் ஒரு சிறு பங்கு ஆவியாகி, அரை மணி நேர அளவில் உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்துவிடும். அதன்பின் இரண்டு மூன்று வாரம் தாங்கும். நறுக்கிப் பையில் அடைத்த இலை விரைவில் பழுத்து அழுகாதிருக்கும் பண்பையும் ஆய்வாளர் செடியிலேயே தேடுகின்றனர். இவை வணிகனுக்கே ஆதாயம் என்று ஒதுக்கிவிடலாம். எனினும், அழுகித் தொட்டியில் விழும் ஒவ்வோர் இலையிலும் எவனோ ஒருவன் குனிந்த நேரம் இருக்கிறதன்றோ? வீணாகாதிருத்தல் அவனுக்கும் செய்யும் மரியாதையே.

ஐயத்திற்குரியது தரம் என்னும் சொல்தான். உருண்டை, இறுக்கம், ஒரே எடை, வெளிறிய நிறம் இவையே ஐஸ்பெர்க் வகைக்கு இலக்கணமாயின. நீண்ட பச்சை இலையுடைய ரோமேன் வகையில் உயிர்ச்சத்து 'ஏ' அதனைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மிகுதி. அச்சத்து நெடுங்காலம் தரப்பட்டியலில் இடம்பெறவில்லை. உண்பவன் நலமே பட்டியலில் ஏறாதபோது, அறுப்பவன் நலம் எங்ஙனம் ஏறும்?

இலக்கணத்தில் மற்றொன்றும் உண்டு: உள்தண்டு குட்டையாயிருத்தல். தண்டு நீண்டால் பூக்கத் தொடங்கிவிட்டது, கசந்துவிடும் என்று பொருள். அதனால் தலைமுறை தலைமுறையாகக் குட்டைத் தண்டுகளே தெரிந்தெடுக்கப்பட்டன. லெட்டூஸ் தரையோடு தரையாக அமர்ந்தது. பண்டை எகிப்தியச் சிற்பங்களில் அது இவ்வாறு இல்லை. நெடிதுயர்ந்து நேராக நிற்கிறது. களைக்கொத்தியின் பிடி நீண்டுவிட்டது. அறுவடைக் கத்தி மட்டும் இன்னும் தரையருகே. ரோமேனுக்கும் இளங்கீரைக்கும் இயந்திர அறுவடை வந்துவிட்ட போதிலும், உருண்டை லெட்டூசை இன்றும் பெரும்பாலும் மனிதர் குனிந்தே அறுக்கின்றனர்.