இரண்டு மரக்கால் வாணிகம்

2025 அக்டோபர் 17ஆம் நாள் லண்டனில், அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் கூட்டத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கப்பல்கள் கக்கும் கரிமப் புகைக்கு விலை வைக்கும் திட்டத்தை ஏற்க வேண்டியவர்கள், முடிவையே ஓராண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டுக் கலைந்தார்கள். தள்ளிவைக்க 57 நாடுகள், கூடாதென்று 49. அதே ஆண்டு ஏப்ரலில் இதே திட்டத்துக்கு 63 நாடுகள் ஆதரவு தந்திருந்தன. இடையில் அமெரிக்கா வரியையும் விசாவையும் காட்டி மிரட்டியது. சவுதி அரேபியா ஒத்திவைப்பைக் கொண்டுவந்தது. ஆறே மாதத்தில் மனச்சாட்சிக்கும் தவணை கிடைத்துவிட்டது!

அரசுகள் பின்வாங்கிவிட்டன. தாமாகவே வாக்குக் கொடுத்த கப்பல் நிறுவனங்களும் இனிக் கைகழுவிவிடலாமா? கூடாது. சட்டம் வருவதற்கு முன்பே கொடுத்த வாக்கு, சட்டம் வராததால் செல்லாமல் போய்விடாது.

மலேசியாவில் இந்தக் கேள்வி முதலில் எம்ஐஎஸ்சி நிறுவனத்தின் வாசலில்தான் போய் நிற்கும். 1968இல் தொடங்கி, இன்று பெட்ரோனாசின் கைக்குள் இருந்து, எண்ணெயையும் திரவ எரிவாயுவையும் உலகெங்கும் சுமக்கும் நிறுவனம் அது. 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவோம் என்றும், 2030க்குள் உமிழ்வுச் செறிவை 2008இல் இருந்ததில் பாதியாக்குவோம் என்றும் அறிவித்திருக்கிறது. அம்மோனியாவில் ஓடும் எண்ணெய்க் கப்பலை வடிவமைக்க 2020இலேயே பிற நிறுவனங்களோடு கைகோத்தது. பாராட்டுக்குரியதுதான். ஆனால் அந்தச் ‘செறிவு’ என்ற அளவை இந்தத் தொழில் முழுவதும் கையாளும் விதத்தில்தான் உறுத்தல் இருக்கிறது. ஒரு டன் சரக்கை ஒரு கடல்மைல் கொண்டுபோக எவ்வளவு புகை என்பதே செறிவு. அது பாதியாகலாம். சுமக்கும் சரக்கும் ஓடும் தூரமும் சேர்ந்து இரட்டிப்பானால், வானத்துக்குப் போகும் புகை அணுவளவும் குறைந்திராது. விற்க ஒரு மரக்கால், வாங்க வேறொரு மரக்கால் வைத்திருக்கும் கடைக்காரரை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

எரிவாயுவில் ஓடும் கப்பல் தூய்மையானது என்கிறார்கள். புகைபோக்கியில் கரி குறைவு, உண்மை. ஆனால் எஞ்சினில் எரியாமல் நழுவும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு சூடேற்றும். அதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு.

அளவில் நேர்மை காப்பதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதில் கூட்டாமலும் கொடுப்பதில் குறைக்காமலும் வாழ்ந்ததாகப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கிறார். காற்றும் கடலும் பிறர் பொருள் அல்லாமல் வேறென்ன? தன் மகன் தேரேற்றிக் கொன்ற கன்றுக்காகத் தாய்ப்பசு அடித்த மணியைத் திருவாரூர்ச் சோழன் ‘அடுத்த ஆண்டு விசாரிப்போம்’ என்று ஒத்திவைக்கவில்லை. மணிமேகலையில், மகனை இழந்த துயரில் சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளி, செய்தே ஆக வேண்டிய இந்திர விழாவை மறக்கிறான்; காவிரிப்பூம்பட்டினமாகிய புகாரைக் கடல் கொள்கிறது. கப்பல்களால் செழித்த நகரம் அது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் லண்டனுக்கும் துறைமுகத்துக்கும் உரிய பேச்சு என்று சிலாங்கூர்க் கரையோரச் சுங்கை ஆயர் தாவாரில் இருப்பவர் ஒதுங்க முடியாது. கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை, மலாக்கா நீரிணையை ஒட்டிய தாழ்ந்த நிலம். கடலை நிறுத்தி வைத்திருப்பது ஒரு மண்கரையும் சில பிந்து ஆயர் மதகுகளும்தான். ஆயர் பசாங் எனும் பெரிய கடலேற்ற நாளில் கரை கசிந்தால் உப்புநீர் கான்களில் ஏறுகிறது. செம்பனையின் அடிமட்டைகள் முதலில் காய்கின்றன, குலை சிறுக்கிறது. கண்டல் காட்டை வெட்டியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடல்மட்டம் ஏற ஏற, அந்த மண்கரையை உயர்த்தும் செலவு இந்த ஊருக்கும் மாநிலத்துக்கும் வருகிறது. நீரிணையில் ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகின்றன. உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களுடையது. லண்டனில் ஒத்திவைத்த திட்டம் வரம்பு மீறிய புகைக்கு டன்னுக்கு 100, 380 டாலர் என இரு விலைகளை வைத்திருந்தது. அந்த விலையைக் கப்பல் நிறுவனங்கள் செலுத்தாவிட்டால் செலவு மறைந்துவிடுவதில்லை. கரையோரத்தார் தலையில் இறங்குகிறது.

கப்பல் கட்டணம் ஏறினால் இந்தியாவிலிருந்து வரும் வெங்காயமும் பருப்பும் விலை ஏறும், ஏழைதானே பாதிக்கப்படுவான் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதே. வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை வளரும் நாடுகளுக்குத் திருப்ப அந்தத் திட்டத்திலேயே வழி இருந்தது. ஆகவே ஏழையின் பெயரைச் சொல்லித் தள்ளிப்போடுகிறவர்கள் ஏழைக்காகப் பேசவில்லை.

அப்படியானால் கப்பல் நிறுவனத்தைக் கேள்வி கேட்க வேண்டியவர் யார்? 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்கு வாங்கியவர்களின் கம்பெனி. பங்குதாரருக்கு லாபத்தில் உரிமை உண்டென்றால் கேள்வியிலும் உண்டு. எம்ஐஎஸ்சியின் பெரிய பங்குதாரர்களுள் ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்று. தோட்டத்தில் குலை வெட்டியவர், ஆலையில் கொதிகலன் பார்த்தவர், தனியார் பள்ளியில் பாடம் சொன்னவர் ஆகியோரின் மாதப் பிடித்தம் அங்கே இருக்கிறது. எல்லாக் கப்பல்களின் மொத்தப் புகையையும், நழுவிய மீத்தேனையும் சேர்த்து, டன் கணக்கில் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்; செறிவு விழுக்காடு அதற்குக் கீழே வரட்டும். இதை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாரியத்தின் பிரதிநிதி எழுந்து கேட்க வேண்டும். கேட்கச் சொல்லி வாரியத்துக்குக் கடிதம் எழுத சந்தாதாரர் எவருக்கும் உரிமை இருக்கிறது.