அதை அதிர்ஷ்டம் என்று சொல்லாதே!

2013. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் ஒரு பெண் குட்வில் கடைக்குள் நுழைந்தார். ஊரார் வேண்டாமென்று கொடுத்ததை வாங்கி விற்கும் பழம்பொருள் கடை அது. அங்கே ஒரு பழைய நின்டெண்டோ கேம் கேசட் இருந்தது. பெயர் ‘ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்’, விலை 8 டாலர். பெயரைப் பார்த்ததுமே அவருக்குப் பொறி தட்டியது. சரிபார்த்துக்கொண்டு காசைக் கொடுத்து வாங்கினார். பிறகு அது பல ஆயிரம் டாலருக்கு விலைபோனது.

செய்தி வந்ததும் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அதிர்ஷ்டக்காரி!

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த அலமாரிக்கு முன்னால் அவர் ஒருவர் மட்டுமா நின்றார்? விலைச்சீட்டு ஒட்டியவர் அதைக் கையில் எடுத்துத்தானே ஒட்டினார்? கண் எல்லாருக்கும் இருந்தது. அந்தப் பெயர் யாருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் கேள்வி. 1987இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட கேம் அது. கொஞ்ச நாளிலேயே நின்டெண்டோ அதன் உரிமையை வாங்கி, பழைய பெயரில் இருந்தவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று, ‘வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்’ என்ற புதுப் பெயரில் விட்டது. உள்ளே ஓடும் ஆட்டம் கிட்டத்தட்ட ஒன்றேதான். புதுப் பெயர் ஒட்டியது சில டாலருக்குக் கிடைக்கும். பழைய பெயர் ஒட்டியது ஒரு குடும்பத்தின் கடனை அடைக்கும். இந்த வித்தியாசத்தைப் படித்து மனத்தில் வைத்திருந்தவரைப் பார்த்து அதிர்ஷ்டம் என்கிறாயே, நீ படிக்காததற்கு அது சாக்கு இல்லையா?

அமெரிக்காவில் குடியேறிவிட்ட தம்பி, தங்கச்சி, உன்னிடம்தான் பேசுகிறேன். (மாணவர் விசாவில் போயிருப்பவர்கள் பழம்பொருள் வாங்கி விற்பதைத் தொழிலாக்கினால் விசாவுக்கே வினை. அவர்கள் இப்போதைக்குக் கண்ணை மட்டும் பழக்கட்டும்.) “முதல் இல்லை” என்கிறாய். 5 டாலர் இல்லையா உன்னிடம்? உண்மையைச் சொல். இல்லாதது முதல் அல்ல, துணிச்சல். “பழசு விற்கிற கடைக்கா? நம்ம ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால்?” இந்தக் கூச்சம்தான் உன் காலைக் கட்டிப் போட்டிருக்கிறது.

குட்வில் பிறந்த கதையைக் கேள். 1902இல் பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் எட்கர் ஹெல்ம்ஸ், வசதியானவர்கள் வீடுகளில் பழைய துணிமணி, சாமான்களைச் சேகரித்தார். அவற்றைத் தைக்கவும் பழுது பார்க்கவும் வேலையற்ற ஏழைகளை அமர்த்தினார். விற்றுவந்த பணத்தில் கூலி கொடுத்தார். பிச்சை போடவில்லை, வேலை கொடுத்தார். அந்த வாசலில் நுழைய உனக்கு வெட்கமா?

“நல்லதையெல்லாம் கடைக்காரர்களே எடுத்து இணைய ஏலத்தில் போட்டுவிடுகிறார்கள்” என்பது அடுத்த புலம்பல். உண்மைதான். குட்வில் தன் ஏலத் தளத்தைத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மரியோ படம் போட்ட பெட்டி இப்போது அலமாரிக்கு வருவது அரிது. வரட்டும், வராமல் போகட்டும். மரியோவை எல்லாருக்கும் தெரியும், அதில் உனக்கென்ன பெருமை? நீ ஒயர்க் கூடைக்குப் போ. சார்ஜர், இயர்போன், டெலிபோன் ஒயர் எல்லாம் சிக்குப் பிடித்துக் கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக் கூடையில் கையை விடு. நின்டெண்டோவின் கேம்கியூப் விளையாட்டுப் பெட்டியை டிவியோடு இணைக்கும் கம்போனென்ட் கேபிள் ஒன்று சிக்கலாம். பார்வைக்கு மற்ற ஒயர்களைப் போலத்தான் இருக்கும். ஆனால் டிஜிட்டல் சிக்னலை மாற்றும் சில்லு அதன் செருகிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அதை விலை மலிவாக நகலெடுக்க முடியாமல் இருந்தது. அந்த ஒற்றை ஒயர் நூறு டாலருக்கு மேல் போகும். அதே கேம்கியூபில் கேம்பாய் ஆட்டங்களை ஓட்ட ஒரு கருவி உண்டு. கருவியைவிட அதை இயக்கும் குறுந்தகட்டுக்குத்தான் கிராக்கி, ஏனென்றால் எல்லாரும் தொலைத்தது தகட்டைத்தான். அது எங்கே இருக்கும்? ஏதோ ஒரு கால்பந்து ஆட்டத்தின் உறைக்குள் மாறிக் கிடக்கும். உறையைத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் கிடைக்கும்.

போலிக்கும் பயப்படாதே, போலியைப் படி. போக்கிமான் கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுகளில் போலி மலிந்து கிடக்கிறது. கேசட்டைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் தெரியும் தங்க நிறப் பற்களுக்கு மேலே பார். அசலென்றால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். முன்பக்க ஒட்டுத்தாளை வெளிச்சத்தில் சாய்த்தால் அழுத்திப் பதித்த சிறு எண் தெரியும். அரை நிமிஷ வேலை. இதைக் கற்க எந்தக் கல்லூரியும் உன்னிடம் நன்கொடை கேட்கவில்லை.

கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிப் போட்ட தலைமுறை நாம். டிவி கேமும் மஞ்சள் கேசட்டுமாக வளர்ந்தவர்களுக்கு அது கைவந்த கலை. இனி ஊதாதே. எச்சில் ஈரம் பற்களை அரிக்கும், நின்டெண்டோவே கூடாது என்று சொன்ன காரியம் அது. 3.8 மில்லிமீட்டர் தனித் திருப்புளி ஒன்று வாங்கு, சாதாரணத் திருப்புளிக்குப் பழைய நின்டெண்டோ கேசட்டின் திருகு மசியாது. கேசட்டின் மேலோட்டைப் பிரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பற்களைத் துடை. முதல் குச்சி கரியாக வரும். இரண்டாவது சாம்பல். வெள்ளையாக வரும்வரை விடாதே. ‘ஓடாது’ என்று இன்னொருவன் தள்ளிவிட்டுப் போன கேசட் திரையில் உயிர் பெறும்போது தெரியும், நீ யாரென்று!

கணக்கிலும் உன்னை நீயே ஏமாற்றாதே. ஈபேயில் கேட்கும் விலை கனவு, ‘விற்றவை’ என்று வடிகட்டினால் வருவதுதான் விலை. 30 டாலருக்கு விற்றால் ஈபேக்குச் சுமார் 4 போகும். பெட்டியும் தபாலும் 5. வாங்கிய விலை 5. கையில் நிற்பது 16, அதிலும் பெட்ரோல் இருக்கிறது. மேடன், ஃபிஃபா என்று வருஷா வருஷம் வெளிவந்த விளையாட்டுக் கேம்களை வாங்கிக் குவித்தால் வீடு நிறையும், பை நிறையாது. வெறுங்கையோடு திரும்பும் சனிக்கிழமைகள்தான் அதிகம் இருக்கும். அதைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளாதே. எதை வாங்கக் கூடாது என்று தெரிந்து திரும்பியவன் அன்றைக்குச் சம்பாதித்தவன்தான்.

கிழவி ஒருத்தி வீட்டு வாசலில் கடை விரித்து, நூறு டாலர் பெறும் பொருளை விவரம் தெரியாமல் ஒரு டாலருக்கு நீட்டினால்? மதிப்பைச் சொல்லிவிட்டு நியாயமாக ஒரு விலை பேசு என்பேன் நான். வியாபாரிகள் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். விலை ஒட்டி விற்கும் கடையில் உன் திறமையைக் காட்டு, தெரியாத கிழவியிடம் காட்டாதே.

குப்பை என்று பெரியவர்கள் முடிவு செய்ததைக் கண்டு மலைக்காதே. 1983இல் அடாரி நிறுவனம் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014இல் தோண்டி எடுத்தார்கள். ஊர் நிர்வாகம் ஏலம் விட்டதில் கிடைத்தது ஒரு லட்சம் டாலருக்கு மேல்!

கேம் மட்டும்தான் என்று நினைக்காதே. குண்டு டிவியைப் பார், ‘டக் ஹன்ட்’ என்ற பழைய நின்டெண்டோ கேமின் துப்பாக்கி எல்சிடி திரையில் சுடாது, அதற்காகவே பழைய சோனி டிரினிட்ரானைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகஸ்ட்டில் பள்ளி திறக்கும்போது டிஐ-84 கால்குலேட்டருக்கு அமெரிக்கப் பெற்றோர் அலைவார்கள், புதிது வாங்க நூறு டாலர் வாக்கில் ஆகும். அதே கால்குலேட்டர் ஜூன் மாதம் பழம்பொருள் கடையில் ஸ்டேப்ளருக்கும் மேஜை விளக்குக்கும் நடுவில் கிடக்கும். நான்கு பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு போ. கடையிலேயே போட்டுப் பார்த்து, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்து வாங்கு.