பெயர் அறியாப் பிரேதமும் நம் கடமையும்

கடலைக் கண்ணால் காணாமலே வாழ்ந்து முடிப்பவர் இன்றும் உள்ள கொல்லிமலையில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் போரில் மடிந்த வல்வில் ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி விழா எடுக்கிறார்கள். அம்மலையில் ஊறும் ஐயாறு காவிரியோடு கலந்து செல்லும் சோழநாட்டுக் கடற்கரையிலோ, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் மாண்டவருள் எத்தனையோ பேர் பெயர் அறியப்படாமலே பெருங்குழிகளில் இடப்பட்டார்கள். அவர்கள் அனைவரும் கரையோரத்து மீனவர் அல்லர். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸை ஒட்டி வந்திருந்த உள்நாட்டு யாத்திரிகரும் அவர்களுள் இருந்தமையால், இது கடற்கரைக்காரர் கவலை என்று மலையிலும் சமவெளியிலும் வாழ்வோர் ஒதுங்கிவிட இயலாது.

உரிமை கோர எவரும் வராத சவத்தை அடையாளம் காண்பதற்காக, உயிரோடிருக்கும் ஏழைக்குப் பயன்படக்கூடிய பொருளையும் உழைப்பையும் செலவிடுவது நியாயமா என்ற வினாவை அலட்சியம் செய்தல் தகாது. பசித்தவனுக்கு முதலில் சோறு என்பது தர்மமே. ஆனால் உரிமை கோர எவரும் வரவில்லை என்பதற்கும் உரியவர் எவரும் இல்லை என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாத தாயும், ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதிருந்தால்தான் மரணம் என்று சட்டம் அனுமானிப்பதால் சொத்துக்கும் உதவித்தொகைக்கும் அதுவரை அல்லாட நேரும் மனைவியும் உயிரோடிருக்கும் ஏழைகளே அல்லவா? அவர்களுக்குச் செய்யும் உபகாரத்தை இறந்தவனுக்கான வீண் செலவு என்று கணக்கெழுதுவது தவறு.

நாகப்பட்டினத்தில் அன்று அவசரமாகப் புதைத்ததற்குக் கொள்ளைநோய் பற்றிய பயமும் ஒரு காரணம். ஆனால் இயற்கைப் பேரிடரில் மாண்டோரின் உடல்கள் கொள்ளைநோயைப் பரப்புவது பெரும்பாலும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிந்த கருத்து. வெளியூர்களிலிருந்து அழைத்து வரப்பட்டு, போதிய கையுறைகூட இன்றி அழுகிய உடல்களைச் சுமந்த துப்புரவுப் பணியாளர்மீது அந்த அவசரப் புதைப்புக்காகக் குறை சொல்வது பாவம். நம் சமூகம் தொடவும் கூசிய கடமையை நிறைவேற்றியவர்கள் அவர்கள். குறை, முன்னேற்பாடு செய்யாத நிர்வாகத்தினுடையது. அதே பேரலையில் தாய்லாந்தில் மாண்டவர்களுக்குப் பல நாட்டு நிபுணர் கூடிப் பல்வரிசை, கைரேகை, மரபணு ஆகியவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கில் பெயர் மீட்டுத் தந்தனர். அங்கும் பல் மருத்துவரிடம் ஒருநாளும் போயிராத ஏழைகளின் அடையாளமே அதிகத் தாமதமாயிற்று.

நாள்கணக்கில் உப்புநீரில் கிடந்த உடலில் முகம் சிதையும், விரல்தோல் கழன்று போகும். சாரமும் சட்டையும் பலருக்கும் ஒன்றுபோல் இருக்கும். ஆயினும் கடைவாய்ப்பல்லிலும் தொடையெலும்பிலும் மரபணு நெடுநாள் தங்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கிய குமரிமாவட்ட மீனவரின் உருக்குலைந்த உடல்கள் கேரளக் கரையில் மீட்கப்பட்டபோது, உறவினரின் இரத்த மாதிரியோடு ஒப்பிட்டே அவற்றுள் பலவற்றை வீட்டாரிடம் ஒப்படைக்க முடிந்தது. பெரும் பரிசோதனை பின்னால் நடக்கட்டும். ஒரு புகைப்படம், ஒரு பல், எண் பொறித்த தனிக்குழி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு அற்பமானது.

உறவினர் தரும் இரத்தம் குற்றப் புலனாய்வுக்குத் திருப்பப்படலாம் என்ற அச்சமும் நியாயமானதே. காணாமற்போனோருக்கும் அடையாளமற்ற பிரேதங்களுக்கும் தனிப் பதிவேடு வகுத்த 2019ஆம் ஆண்டின் மரபணு மசோதா, அத்தகைய ஐயங்களுக்கு நடுவே 2023இல் திரும்பப் பெறப்பட்டது. மகனைத் தேடித் தாய் கொடுத்த இரத்தத்தை வேறெந்தக் காரியத்துக்கும் தொடலாகாது என்ற வரம்போடு அம்மசோதா மீண்டும் வரவேண்டும். அதுவரையிலும், மாதிரி எடுக்காமல், எண் இடாமல், பெயரற்ற எந்த உடலையும் மண்ணுக்கு அனுப்ப எந்த அதிகாரியும் ஒப்பமிடலாகாது.