பிறவிக் குறையும் பழைய கணக்கும்



சில காலத்துக்கு முன்னர் டோர்வலில் ஒரு வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் போயிருந்தோம். ஆண் குழந்தை. சலம் போகும் வழியில் பிறவியிலேயே அடைப்பு இருந்ததால் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். வந்திருந்த பெரியவர் ஒருவர், "முற்பிறப்பில் யார் செய்த வினையோ" என்று பெருமூச்சு விட்டார். தாய் தலை குனிந்தார். பக்கத்தில் இருந்த நாம் வாய் திறக்கவில்லை. அது இன்றும் எம்மை உறுத்துகிறது.

வினைக் கொள்கையை நாம் மறுக்கவில்லை. ஆனால் மற்றவரின் வினைக் கணக்கை வாசித்துச் சொல்லும் அதிகாரத்தை எமக்கு யார் தந்தார்? ஆதாரம் இல்லாமல் எவர் பேரிலும் பற்று எழுதக் கூடாது என்பது எமது கணக்காளர் தொழிலின் முதற் பாடம்.

இக்குறைகளில் முக்கியமான ஒன்று, ஏறக்குறைய 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏற்படுவது. சலக்குழாயினுள் மெல்லிய சவ்வு மடிப்பு நின்று சலத்தைத் தடுக்கிறது. சலப்பை வீங்கி, அழுத்தம் பின்னோக்கிச் சென்று சிறுநீரகங்களைத் தாக்குகிறது. கரு உருவாகும் ஆரம்ப காலத்திலேயே நேர்ந்துவிடும் இது, தாய் உண்டதனாலோ நடந்ததனாலோ வருவதன்று. பல வேளைகளில் கர்ப்பகால ஸ்கானிலேயே தெரியும். தவறினால், சொட்டுச் சொட்டாகச் சலம் போவதும் அடிக்கடி வரும் காய்ச்சலும் அறிகுறிகளாகலாம். மெல்லிய கருவியைச் செலுத்திச் சவ்வை வெட்டிவிடுவார்கள். ஆயினும் முன்னரே பழுதடைந்த சிறுநீரகம், பிள்ளை வாலிபனாகும் வயதிலும் செயலிழக்கக்கூடும். ஆகவே ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம்.

ஆபத்து இங்கேதான். ஊர் வாய்க்கு அஞ்சிய பெற்றோர் நோயை உறவினருக்கு மறைப்பர். பின்னர் பிள்ளைக்கும் மறைப்பர். தன் உடம்பில் என்ன நடந்ததென்று அறியாத இளைஞன் பரிசோதனைக்குப் போவானா? மொன்றியலில் சிறுவர் வைத்தியசாலையும் சென்ற் ஜஸ்ரின் வைத்தியசாலையும் உள்ளன. கியூபெக் மருத்துவ அட்டை உள்ளவரிடம் இச்சத்திரசிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. காசு தடுக்காத இடத்தில் எமது நாக்குத் தடுக்கலாமா?

பழைய வினை எதுவென்று நாம் அறியோம். அந்தத் தாயின் முன் வாய் மூடி இருந்தது எமது வினை. அதை நாம் அறிவோம். இனி அத்தகைய வீட்டுக்குப் போனால், "அடுத்த பரிசோதனை எப்போது? காரில் கூட்டிச் செல்லட்டுமா?" என்று கேட்போமாக.