வைத்துக்கொள்வதும் விடுவிப்பதும்

பயன் தந்த ஒருவரைப் பயன் குறைந்தபோது விடுவிப்பது நன்றி மறத்தல் ஆகுமா? 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி மதீஷ பதிரனாவை விடுவித்த செய்தி வந்தபோது, சேப்பாக்கத்து ஆரவாரம் எட்டும் மயிலாப்பூர் இல்லங்களிலும் இவ்வினா எழாமலிருந்திராது.

கண்டியில் வளர்ந்த அவ்விளைஞர் 2022இல், காயமுற்ற ஆடம் மில்னுக்கு மாற்றாக 20 இலட்சம் ரூபாய்க்கு வந்தவர். கடைசி ஓவர்களை வீசுவதே அவர்தம் பணி. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் வீசக்கூடியவை 24 பந்துகளே. எனினும் ஆட்டம் சாய்வதும் நிமிர்வதும் பெரும்பாலும் அப்பந்துகளில்தான். 2023இல் 19 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அணி ஐந்தாம் முறையாகக் கோப்பை வென்றது. மறு ஆண்டு காயத்தால் ஆறே ஆட்டங்கள் ஆடியும் 13 விக்கெட்டுகள். ஆகவே 2024 அக்டோபரில், 120 கோடி ரூபாய் வரம்பிலிருந்து 13 கோடியை ஒதுக்கி அணி அவரைத் தக்கவைத்தது. 2025இல் அவர் ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். அணியும் பட்டியலில் கடைசியாக நின்றது. விடுவித்தனர். டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை 18 கோடிக்கு வாங்கியது.

விலை உயர்ந்ததே, தீங்கென்ன என்பர் சிலர். இவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. பின்விளைந்த நன்மை, செய்தவருடைய எண்ணத்தை நேராக்கிவிடாது. நன்றி கொன்றனர் என்பதும் மிகை. பேசிய ஊதியத்தைப் பெற்றுப் பிரிந்தவர் அவர்.

பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவியின் மாற்றுச் சான்றிதழைத் தாமதிக்கும் பள்ளிகள் உண்டு. மதிப்பெண் குறைந்தவளுக்கோ அது கேளாமலே கிடைத்துவிடும். இருவரையும் பள்ளியின் உடைமையாகவே எண்ணுகின்றனர். எத்தனை காலம் வைத்திருந்தோம் என்பதைவிட, இவ்வெண்ணம் உண்டா இல்லையா என்பதே நான் காணும் அளவுகோல்.

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் இவ்வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. தம்மைக் கேளாமல் வேறு அணிக்கு மாற்றியதைக் கர்ட் ஃப்ளட் 1969இல் ஏற்க மறுத்தார். 1972இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். 1975இல் ஒரு நடுவர் தீர்ப்பு வழி திறந்தது. இன்று அங்கே ஆறாண்டுப் பணி முடித்தவர், ஒப்பந்தம் தீர்ந்ததும் தம் அணியைத் தாமே தேர்ந்துகொள்கிறார். ஆதலால் அதற்கு முந்திய ஆண்டில், வைத்துக்கொள்வதா, விற்றுப் பயன்பெறுவதா என்று அணிகள் தவிக்கின்றன. நம் ஏலத்தில் அத்தவிப்பு இல்லை. விடுவிக்கப்பட்டவர் எவ்வணிக்குச் செல்வார் என்பதை உயர்ந்த தொகையே முடிவுசெய்கிறது. உரிமை ஒருபக்கமாக இருக்குமிடத்தில் கடமை அப்பக்கமே கூடுதலாக இருத்தல் வேண்டும்.

அக்கடமையை இதே அணி அறியாததன்று. 2022 நவம்பரில் டுவைன் பிராவோவை விடுவித்தது. டிசம்பரில் அவரையே பந்துவீச்சுப் பயிற்சியாளராக்கியது. 2023இல் பதிரனா வளர்ந்தது அவர் பார்வையில்தான். 22 வயதினரைப் பயிற்சியாளராக்க இயலாது என்பது உண்மை. ஒரு தாழ்ந்த ஆண்டைப் பொறுத்துக்கொள்ள இயன்றிருக்கும். பிராவோ 2024இல் கொல்கத்தா அணியின் வழிகாட்டியாகச் சென்றார். பதிரனாவை வாங்கியதும் அவ்வணியே.