அதிதியின் அறம்

அதிதி என்னும் வடசொற்குத் திதி இல்லாதவன் என்று பொருள் கூறுவர். இன்ன நாளில் வருவேன் என்று அறிவியாது, பொழுது சாயும் வேளையிற் படலையைத் திறந்துகொண்டு வந்து நிற்பவனே அதிதி. அவனுக்குச் சோறும் நீரும் படுக்கப் பாயும் கொடுத்தல் இல்லறத்தானுக்குக் கடன். இக்கடனைக் குறித்து நம்முடைய நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. திருக்குறளில் விருந்தோம்பல் என்னும் ஒன்பதாம் அதிகாரத்துப் பத்துக் குறளும் விருந்தை ஏற்பவனை நோக்கியே நிற்கின்றன. வருகின்றவனுக்கு உரிய அறம் யாது என்பதற்கு அங்கே தனி அதிகாரம் இல்லை. அக்காலத்து அதற்கு வேண்டுகை இருந்திலது போலும். ஓரிரவு தங்கி மறுநாள் வழிக்கொள்பவன் ஒரு வீட்டை எவ்வளவு கெடுத்துவிடுதல் கூடும்?

இக்காலத்து விருந்தினனோ திதி உடையவன். பல மாதங்களுக்கு முன்னரே நாட் குறித்து, விமானச் சீட்டும் விடுதியறையும் பதிந்து, பணத்தையும் செலுத்திவிட்டு வருகின்றான். தனித்தும் வருகின்றானல்லன்; இலட்சக்கணக்கினருள் ஒருவனாய் வருகின்றான். அவனுக்கு உல்லாசப் பிரயாணி என்று பெயரிட்டோம். பணம் கொடுத்து வரும் இவ்விருந்தினனுக்கு, கொடுத்த விலைக்கு மேலே ஏதேனும் கடன் உண்டோ இல்லையோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த வினா. பொதுப்படப் பேசினால் இவ்வினா நழுவிவிடும். ஆதலின் ஒரு தீவை எடுத்துக்கொள்வாம்.

தவணை விடுமுறை நெருங்குங் காலத்து ஆசிரியர் ஓய்வறைகளில் இப்பொழுது பாலித்தீவின் பெயரும் அடிபடுகின்றது. காரணம் வெளிப்படை. கடலும் எரிமலையும் படிப்படியாய் இறங்கும் நெல்வயலும் உள்ள தீவு; அதனோடு, குடிகளில் 100க்கு 80 பேருக்கு மேல் இந்துக்களாய் உள்ள தீவு. அங்குள்ள குருமாருட் பதண்ட சிவ எனப்படுவோர் நாடோறும் காலையிற் சூரியனிடத்துச் சிவனைப் பாவித்து முத்திரையோடும் மந்திரத்தோடும் பூசித்துத் தீர்த்தம் ஆக்குகின்றனர். அவர் சமயத்துக்கே தீர்த்தச் சமயம் என்னும் பொருள்படும் பழம்பெயர் ஒன்று உண்டு. இவற்றைக் கேட்ட சைவர்க்கு அஃது உறவினர் வீடு போலத் தோன்றுதல் இயல்பே. அவ்வீட்டின் நிலையையுஞ் சிறிது நோக்குக. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி குடிகள் ஏறத்தாழ 43 இலட்சம். 2019இல் அங்கு வந்த பிறநாட்டார் 62 இலட்சத்துக்கு மேல். சொர்க்கத் தீவு என்று அதற்கு வழங்கும் பெயரும் தானே விளைந்ததன்று. 1906இல் ஒல்லாந்தப் படையின் துப்பாக்கிகளுக்கு முன்னே பாதுங் அரசகுலத்தார் பெண்டிர் பிள்ளைகளோடு வெண்டுகில் உடுத்து வந்து மாண்ட இடம் தென்பசார். அதே தென்பசாரில் 1928இல் ஒல்லாந்தர் உல்லாசப் பிரயாணிகளுக்கு விடுதி அமைத்தனர்.

இளமையில் யான் கற்ற மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் சொற்களின் பிறப்பைக் கூறுவதில் விருப்பம் மிக்கவர். ‘ஹொலிடே’ என்பது முன்னே திருநாளைக் குறித்தது என்றும், ‘வெக்கேஷன்’ என்பது வெறுமையாதல் என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது என்றும் அவர் சொல்லக் கேட்டேன். பாலித்தீவில் ஒரு திருநாள் உண்டு. அதன் பெயரும் வெறுமை, ஓசையின்மை என்னும் பொருளுடைய சொல்லினின்றே பிறந்தது. ஞெப்பி என்பது அது.

பாலித்தீவார் சக ஆண்டைப் பின்பற்றுவோர். அவர்தம் புத்தாண்டு பெரும்பாலும் மார்ச்சு மாதத்தில், அமாவாசையை ஒட்டி வரும். முதனாள் மாலையில் நாற்சந்திகளிற் பூதங்களுக்குப் பலி இடுவர். மூங்கில் முதலியவற்றாற் கட்டிய பேருருவங்களைப் பேரொலியோடு வீதிகளிற் சுமந்து செல்வர். மறுநாட் காலை ஆறு மணி தொடங்கி அடுத்த நாட் காலை ஆறு மணி வரையும் தீவு முழுதும் அடங்கிவிடும். நெருப்பும் விளக்கும் இல்லை, தொழில் இல்லை, வழிச்செலவு இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையமும் துறைமுகங்களும் மூடப்படும். 2018இல் முதன்முறையாகக் கைத்தொலைபேசி வழியான இணையத் தொடர்பையும் அன்று நிறுத்தினர். பெச்சலாங் எனப்படும் ஊர்க்காவலர் வீதிகளைச் சுற்றி வருவர். நோயாளரைக் கொண்டு செல்லுதல் போன்ற அவசரங்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. பிறநாட்டானும் அன்று விடுதியின் எல்லையைக் கடத்தல் ஆகாது.

ஒருவன் இவ்வாறு முறையிடுகின்றான் என்று வைத்துக்கொள்வாம்: “யான் ஏழு நாளுக்குப் பணம் செலுத்தினேன். ஆறு நாளே எனக்குக் கிடைத்தன. அவர்களுடைய விரதம் அவர்களுக்கு; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.” இம்முறையீட்டில் இரண்டு கூற்றுக்கள் உள. முதலாவது எளிதில் வீழும். குயவனிடத்துப் பானை வாங்கியவன் அவனுடைய விரதநாளையும் வாங்கியவன் ஆகான். விடுதிக்குக் கொடுத்த பணம் அறைக்கும் உணவுக்கும் பணியாளரின் உழைப்புக்குமே விலையாகும். ஊருடைய வீதியும் இரவும் விடுதிக்காரருடைய பொருளல்ல. தமதல்லாததை அவர் விற்றிருத்தல் இயலாது.

இரண்டாவது கூற்று வலியது. மிஷன் பாடசாலையிற் கற்ற எம்மனோர் அதனை இகழ்ந்து தள்ளுதல் தகாது. நமதல்லாத சமயத்தின் பிரார்த்தனைக்கு நாடோறும் எழுந்து நின்றவர்கள் நாம். அந்நியனை ஒரு சமயத்தின் ஒழுங்குக்கு உட்படுத்துதல் நன்றோ என்று அன்றே மனத்துள் வினாவினோம். இன்று பாலித்தீவார் செய்யும்போது மாத்திரம் அதனை நன்றென்று சொல்லலாமோ? சொல்லலாம் என்றே துணிகின்றேன். பாடசாலையை நாடிய பிள்ளை கல்விக்கு வேறு வழி காணாது சென்றது. தீவை நாடியவன் தானே வேண்டிச் சென்றான். அன்றியும், பாடசாலை நம் வாயிற் சில சொற்களை வைத்தது. ஞெப்பி எவர் வாயிலும் எச்சொல்லையும் வைப்பதில்லை. நம்பு என்றோ வணங்கு என்றோ அது கேட்பதில்லை. ஒலியும் ஒளியும் செய்யாதிரு என்பதே அதன் கட்டளை. தன் வீட்டில் ஒருவர் உறங்கும்பொழுது விருந்தினனை மெல்லப் பேசுமாறு கேட்பதற்கு எவர்க்கும் உரிமை உண்டன்றோ.

ஆயின் எது விற்கப்படுவது, எது விற்கப்படாதது என்னும் எல்லையை வகுப்பவர் யாவர்? அவ்வீட்டுக்கு உரியவரே. இதனைப் பாலித்தீவார் நன்கு உணர்ந்திருந்தனர். 1971இல் தென்பசாரிற் கூடிய கருத்தரங்கு ஒன்றில், தம்முடைய நடனங்களை மூவகையாகப் பிரித்தனர்: கோயிற் கிரியையோடு பிரியாது நிற்பன, கிரியையை ஒட்டி நிகழ்வன, காண்போர் மகிழ்ச்சிக்கென உள்ளன. மூன்றாவது வகையை விருந்தினர்க்குப் பணத்துக்கு ஆடலாம். முதல் வகையை ஆடலாகாது. நடைமுறையில் அக்கோடு பலகாலும் அழிந்தது என்பர். அழியினும் கோடு கோடே. 2023இல் அம்மாகாண ஆளுநர் விருந்தினர்க்கு விதித்த ஒழுங்குகளில், கோயிலின் உள்முற்றத்தில் வழிபாட்டின் பொருட்டன்றிப் புகலாகாது என்பதும், தெய்வத்தன்மை உடையனவாகப் போற்றப்படும் மரங்களில் ஏறலாகாது என்பதும் உள்ளன. மரத்தில் ஏறாதே என்று முதிர்ந்த மனிதருக்கு அரசு கட்டளையிட நேர்ந்ததே, அதனைச் சிந்தித்துக்கொள்க.

சைவ ஆசிரியர்க்கு இவ்விடத்தில் ஒரு சிறப்பான சோதனை உண்டு. “நாமும் சிவனடியார், உள்முற்றம் நமக்குத் திறந்ததே” என்று நெஞ்சம் சொல்லும். விதியும் வழிபடுவோரை விலக்கவில்லை. ஆனாற் கையில் நிழற்படக் கருவியும், மனத்தில் “இவர்கள் கிரியையில் எவை நம்முடையன” என்னும் கணக்கும் கொண்டு புகுபவன் வழிபடுபவனோ, பார்க்க வந்தவனோ? நல்லூரிலே மேலாடை களையாது உள்ளே செல்ல முயலும் பிறநாட்டானைக் கண்டு நாம் முகஞ் சுளிக்கின்றோம். அவன் அறியாமையாற் செய்வது. நாம் அங்குச் செய்வது உறவின் பெயராற் செய்வதாகும். உறவினன் கேளாது அடுக்களைக்குள் நுழைவது அந்நியன் நுழைவதிலும் மிகுந்த இடர் தருவதை இல்லத்தரசிகள் அறிவர்.

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை எனினும், நாம் பிறர் ஊருக்குச் செல்லும்போது நம் கிணற்றை மறந்துவிடுகின்றோம். பாலித்தீவின் வயல்கள் சுபக் எனப்படும் உழவர் சங்கங்களாற் பல நூற்றாண்டுகளாய் நீர் பகிரப்பட்டு வருவன. மலையேரியின் அருகேயுள்ள கோயில் தொடங்கி வாய்க்கால்தோறும் நீர்க்கோயில்கள் உண்டு. எந்த வயலுக்கு எந்நாளில் நீர் என்பது அக்கோயில்களின் முறையோடு இயைந்தே வரும். 1970ஆம் ஆண்டுகளில் அரசினர் இம்முறையைப் பொருட்படுத்தாது புதுநெல்லை இடையறாது விதைக்கச் செய்தபோது, நீர்த்தட்டும் பூச்சியும் மிகுந்தன. கோயிலாரின் முறையிலே பயிரறிவும் பூச்சியை அடக்கும் உபாயமும் அடங்கியிருந்தன என்பதை அமெரிக்க அறிஞர் ஸ்ரீபன் லான்சிங் 1991இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். 2012இல் யுனெஸ்கோ அந்நிலப்பரப்பை உலக மரபுரிமையாக ஏற்றது.

இம்முறையை விருந்தினர் கெடுத்துவிடுவர் என்னும் அச்சம் தொடக்கத்திலேயே இருந்தது. 1971இல் பிரெஞ்சு ஆலோசகர் வகுத்த திட்டம், விருந்தினரைத் தென்கோடியிலுள்ள நூசா துவாவில் ஒருங்கே தங்கவைத்து ஊர்களினின்றும் விலக்கி வைப்பதாகும். அவ்விடம் நெல் விளையாத வறண்ட சுண்ணாம்புக்கல் நிலம். நம் குடாநாட்டுப் பாறைக்கு உறவானது. ஆயின் விருந்தினர் அங்கே அடங்கியிருந்திலர். கூத்தா, உபுத் முதலிய இடங்களில் விடுதிகள் பெருகின. வயல்கள் விற்கப்பட்டு மாளிகைகள் எழுந்தன. தென்பகுதிக் கிணறுகள் சிலவற்றிற் கடலுவர் ஏறலாயிற்று. கிணறு உவர்த்தல் யாது என்பதை நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கரையோர வளவுகளில் ஒரு நாளிற் கூடுதலாக இறைத்தாற் குடிநீர் போய்விடும் என்று அஞ்சி, துலாவால் அளந்து இறைத்த பாட்டன்மாரின் பேரர் நாம். அத்தகையோர், தனித்தனி நீச்சற்குளம் உடைய விடுதியை விளம்பரத்திற் கண்டு “விலை மலிவு” என்று பதிவதை எங்ஙனம் நியாயப்படுத்துவது? அந்த மலிவிலே நீரின் விலை சேர்க்கப்படவில்லை. விலையிற் சேராதது கடனாக நிற்கும்.

அப்படியாயின் செல்லாதிருத்தலே அறம் என்று சிலர் முடிவு கட்டுவர். எனக்கு அம்முடிவு உடன்பாடன்று. 2020இலும் 2021இலும் கொள்ளைநோய் பரவிய காலத்துப் பிறநாட்டார் பெரும்பாலும் செல்லாதிருந்தனர். கடற்கரைகள் தூயவாயின என்று தொலைவிலிருந்தோர் மகிழ்ந்தனர். ஆனால் 2020இல் அத்தீவின் பொருளாதாரம் 100க்கு 9 அளவுக்கு மேல் சுருங்கிற்று. சம்பளம் இழந்த விடுதிப் பணியாளர் வயலுக்கும் கடற்பாசி வளர்ப்புக்கும் திரும்பினர். அவர்களுடைய பிள்ளைகளின் பாடசாலைச் செலவை நம்முடைய துறவு கொடுத்துவிடாது. செல்வதும் செல்லாமையும் தம்மளவில் அறமுமல்ல, மறமுமல்ல. எங்கே தங்குவது, எவரிடத்து உண்பது, எத்தனை நாள், எவ்வளவு நீர், எந்த நாள் என்று வீட்டிலிருந்தே குறிக்கும் அச்சிறு குறிப்பேட்டில்தான் பெரும்பகுதி தீர்ந்துவிடுகின்றது. 2024 பெப்ரவரி 14 முதல் பிறநாட்டார் ஒவ்வொருவரும் 150,000 ரூபியா வரி செலுத்த வேண்டும் என்பது அத்தீவின் விதி. அதனைக் கேட்பாரின்றிச் செலுத்தாது போவோரும் பலர். குறிப்பேட்டில் அதற்கும் ஒரு வரி இருத்தல் வேண்டும்.

நாட் குறிக்கும்போது ஞெப்பியைத் தவிர்த்துக்கொள்ளுமாறு பிரயாண முகவர் சிலர் கூறுவர். சிறு பிள்ளைகளோடு செல்வோர்க்கு அதுவும் தகுந்த அறிவுரையே. ஏனையோர் அந்நாளையே வேண்டிக் குறித்தாலும் நட்டமில்லை. முதனாளே பழமும் நீரும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரவிலே விடுதியார் சீலைகளை இழுத்து மூடுவர். அமாவாசையை ஒட்டிய இரவாதலின் நிலவும் இராது. தென்பசார் போன்ற பெருநகரிலும் வீதி விளக்கு எரியாது; முற்றத்தில் நின்று மேலே நோக்கின் மீன்கள் செறிந்து தோன்றும். 1990இன் பின்னர் மின்சாரமின்றி யாழ்ப்பாணத்திற் கழித்த ஆண்டுகளை அறிந்தவர்க்கு அவ்வானம் பழக்கமானது. அன்று நம்மீது அவ்விருள் சுமத்தப்பட்டது. அங்கே ஊரார் கூடி அதனை ஏற்றுக்கொள்கின்றனர். மறுநாட் காலை ஆறு மணிக்கு வீதிகள் திறக்கும்.