துவையல் தவசும் ஊர்ச் சுத்தமும்

பதிக்கு வருகிறவர் யாரானாலும் முதலில் தண்ணீரைத் தேடுகிறார். சாமிதோப்பில் முத்திரிக்கிணற்றில் குளித்துவிட்டே பள்ளியறை நோக்கிப் போகிறார்கள். குளியாமல் பணிவிடை இல்லை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் அந்தக் குளியலுக்குப் பின்னால் அய்யா வைத்த கருத்து என்ன என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

அன்றைய திருவிதாங்கூரில் சான்றோர் மக்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமையில்லை. பொதுவழியில் நடக்க உரிமையில்லை. மேலாடைக்குத் தடை. குளிக்க நீரும் உடுக்கத் துணியும் மறுத்துவிட்டு, பிறகு அவர்களையே அழுக்கர் என்று சொல்லித் தள்ளி நிறுத்தினார்கள். அழுக்கைக் கொடுத்தவன் சுத்தக்காரன். அதைச் சுமந்தவன் தீண்டத்தகாதவன். கலி செய்த பெரிய சூது இதுதான்.

அந்தச் சூதை அய்யா எப்படி உடைத்தார்? 1839இல் திருவனந்தபுரம் சிறையிலிருந்து மீண்டு வந்த பின், 700 குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். முதலில் வாகைப்பதி, பின்பு முட்டப்பதி. நாளில் பலமுறை குளித்தார்கள். உடுத்த துணியைத் தங்கள் கையாலேயே துவைத்தார்கள். எளிய சைவ உணவை உண்டார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கூடி வாழ்ந்தார்கள். காட்டுக்குள் போய் மூச்சை அடக்கும் தவத்தை அய்யா அவர்களுக்குச் சொல்லவில்லை. துணி துவைப்பதையே தவம் என்றார். ஊரார் இழிவாக எண்ணிய ஒரு வேலையை எடுத்து, அதற்குத் தவசு என்று பெயர் வைத்தார். திரும்பி வந்தவர்கள் தலைநிமிர்ந்து வந்தார்கள்.

முத்திரிக்கிணறும் அப்படியே. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளித்தார்கள், ஒரே கிணற்றின் நீரைக் குடித்தார்கள். தண்ணீரைப் பொதுவாக்கியது முதல் தர்மம். பொதுவான தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது அடுத்த தர்மம். ஒன்று இல்லாமல் மற்றொன்று நிற்காது.

அந்தக் காலத்தில் வாந்திபேதி வந்தால் ஊரே வெறிச்சோடும். நோய் எப்படிப் பரவுகிறது என்று உலகத்துக்கே தெரியாது. 1854இல்தான் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், ஒரு தெருக் குழாயின் கெட்ட தண்ணீரே காலராவைப் பரப்பியது என்று காட்டினார். இன்று அந்த வழி எல்லாருக்கும் தெரியும். மலத்தில் இருக்கும் கிருமி ஈ வழியாகவும் கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் வாய்க்குள் போகிறது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, சிறு பிள்ளைகளைக் கொண்டுபோகும் வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த ஒரு பாதையில் வருகின்றன. ஒரு வீட்டார் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக் கழிவு கிணற்றில் கசிந்தால் இரு வீட்டுப் பிள்ளைகளும் படுக்கிறார்கள். ஆகவே தன் உடம்பை மட்டும் துவைப்பவர் துவையலில் பாதியைத்தான் செய்கிறார்.

இங்கே ஒவ்வொரு தாங்கலும் தன்னைத் தானே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திருநாள் முடிந்த மறுநாள் காலையில் எச்சில் இலையும் பிளாஸ்டிக் குவளையும் கிடக்கும் முற்றத்தை யார் கூட்டுகிறார்? ஓடையில் வீசியதை யார் அள்ளுகிறார்? செப்டிக் டேங்க் நிறைந்தால் யாரை இறங்கச் சொல்கிறார்கள்? "அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்" என்ற பதில் வருமானால், சாமிதோப்பில் அய்யா அழித்த தீண்டாமை வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். தன் அழுக்கை இன்னொருவன் தலையில் ஏற்றுவது சுத்தமல்ல. அந்தத் தொட்டிக்குள் இருக்கும் நச்சுக்காற்று ஒரு நொடியில் ஆளை மயக்கிச் சாய்த்துவிடும். மனிதரை இறக்கிக் கழிவு அள்ளச் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. இயந்திர வண்டியை அழைப்பதே முறை. கூலி மிச்சம் என்று ஓர் உயிரை இறக்குகிறவர் எத்தனை அன்னதர்மம் செய்தாலும் அந்தக் கணக்கு நேராகாது.

அன்பர்கள் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல.

பணிவிடைக்குப் பதமாகக் கொடுக்கும் தண்ணீர் குடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். தாங்கல் கிணற்றுக்குச் சுவரும் மூடியும் வேண்டும். கழிவுக்குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் போதும். வாளி நீரில் கரைத்து, தெளிந்ததை இரவில் கிணற்றில் விட்டு, காலையில் எடுக்கலாம். அளவுக்கு ஊர்ச் சுகாதார ஆய்வாளரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நோய் பரவும் காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

அன்னதர்மத்துக்குச் சமைப்பவரும் பரிமாறுபவரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே அகப்பையைத் தொட வேண்டும். உண்ண வருபவருக்கும் தண்ணீரும் சோப்பும் வாசலிலேயே இருக்கட்டும். எச்சில் இலைகளைக் குழியில் இட்டு மண் மூடினால் தென்னைக்கு உரமாகும்.

கொசுவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரிலேயே முட்டையிட்டு, ஏழெட்டு நாளில் பறந்துவிடும். ரப்பர் மரத்துச் சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்தால் அதன் பரம்பரை அறும். ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடை முடிந்ததும் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கலாம்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் தண்ணீரை நிறுத்தக் கூடாது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவற்றைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிடுவதும் தர்மமாகாது. துவையல் தவசில் குடும்பம் முழுவதும் துவைத்தது. தலைப்பாகை கட்டிய தலை துடைப்பம் எடுக்கக் குனிந்தால் அதன் மானம் குறையாது, கூடும். தாங்கலின் தலைவர் முதலில் துடைப்பத்தை எடுத்தால் ஊர் பின்னால் வரும்.

கீழே தள்ளப்பட்டவரைக் கைதூக்கிவிடுவதே அய்யா காட்டிய தர்மம். ஊரில் ஒரு கிணறு சுத்தமானால் ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று பிழைக்கிறது. ஒரு வீட்டில் கழிப்பறை அமைந்தால், இருட்டும் வரை காத்திருந்த ஒரு பெண்ணின் துன்பம் தீர்கிறது. பள்ளியறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வணங்குகிறவர், வெளியே வந்து தெருவைப் பார்க்கும்போதும் அதே முகம் தெரிய வேண்டும். அகமும் முகமும் ஊரும் ஒன்றாகத் துலங்கும் நாளே தர்மயுகத்துக்கு அருகில் நிற்கும் நாள்.

அய்யா துணை. அய்யா உண்டு.